மனமுடைந்தோர்க்கு ஒரு வார்த்தை

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மூன்று நாள் தியானத்தின் இரண்டாம் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா நாட்களில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவதே மரபு. கொடியேற்றம், தேர்ப்பவனி, அன்பின் விருந்து என்று ஆலய வளாகமே ஒளிவெள்ளத்தில் மிதக்கும்போது, சாமியார் துயரத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஐம்பது ஆண்டுப் பங்கு வாழ்வைத் திரும்பிப் பார்க்கிறோம். ஆலயம் எழுந்த கதையை எழுதிவிட்டு, அந்த ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில் தலைகுனிந்து அமர்ந்திருந்தவர்களை விட்டுவிட்டால், அது முழுமையான வரலாறு ஆகாது. சீரியல் விளக்குகள் எரியும் இரவில்தான், இருட்டில் இருப்பவனுக்குத் தன் இருட்டு அதிகமாகத் தெரியும். ஆகவே இன்று மாலை, அந்தக் கடைசிப் பெஞ்சில் இருப்பவருக்காகவே பேசுகிறேன். மற்றவர்கள் உடன் இருந்து கேளுங்கள்.

அவர் யார்? நம்மிடையேதான் இருக்கிறார். காலையில் தாம்பரம் நிலையத்தில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் கூட்டத்தில் அவரும் ஓடுகிறார். 2022-ஆம் ஆண்டில் மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றபோது, நடுவயதில் வேலையை இழந்து வீட்டுக்கு வந்த தகப்பனார்களில் ஒருவராக இருக்கலாம். கைபேசியில் எளிதாகக் கிடைத்த கடனைக் கட்ட முடியாமல், மணி அடித்தாலே நடுங்குகிற இளைஞனாக இருக்கலாம். மதிப்பெண் பட்டியலை வீட்டில் காட்ட அஞ்சும் மாணவியாக இருக்கலாம். கணவனின் குடியால் உள்ளுக்குள் உடைந்துபோன தாயாக இருக்கலாம். அல்லது காரணம் எதுவென்று சொல்லத் தெரியாமலேயே, எதிலும் பற்றில்லாமல், உறக்கமில்லாமல் தவிக்கிறவராகவும் இருக்கலாம். இவர்களில் பலர் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார்கள், நாம் கும்பிட்டால் சிரித்துக் கும்பிடுகிறார்கள். உள்ளே வெள்ளம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது.

வெள்ளம் என்றதும் ஒரு பழமொழி நினைவுக்கு வருகிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். விரக்தியின் பழமொழி இது. இனி எது நடந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல வைக்கும் மனநிலை. ஆனால் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். அந்த இரவில் சாணுக்கும் முழத்துக்கும் வேறுபாடு இருந்தது! ஒரு படி மேலே ஏறி நின்றவர்களுக்கு விடியும்வரை காத்திருக்க முடிந்தது. விடிந்ததும் படகு வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் ஒரு சாண் முக்கியம் என்பதே அந்த வெள்ளம் நமக்குச் சொன்ன பாடம். இன்று உங்களிடம் நான் கேட்பதும் அந்த ஒரு சாண்தான்.

சூரைச்செடியின் கீழே ஓர் இறைவாக்கினர்

மனமுடைந்து போவது விசுவாசக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் நாடே வியக்கும் வெற்றி கண்டவர். அடுத்த நாளே அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு நாள் பயணம் சென்று, ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற பொருள்பட மன்றாடுகிறார். மோசேயும் ஒருமுறை இப்படி வேண்டியவர்தாம். எரேமியாவும் யோபுவும் தாங்கள் பிறந்த நாளையே சபித்தார்கள். 88-ஆம் திருப்பாடல் இருளிலே தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலான ஒரு வரிகூட இறுதியில் இல்லை. திருச்சபை அதை ஒதுக்கிவிடவில்லை. குருக்களும் துறவியரும் வெள்ளிக்கிழமை தோறும் படுக்கப் போகுமுன் சொல்லும் இரவுச் செபத்தில் அதை வைத்திருக்கிறது. அன்று இரவு உறங்க முடியாத யாரோ ஒருவரின் குரலாக நாங்கள் அதைச் சொல்கிறோம்.

எலியாவுக்கு இறைவன் என்ன செய்தார்? முதலில் அவரை உறங்க விட்டார். பிறகு தூதர் தட்டி எழுப்பினார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. உண்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் சலித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறையும் வந்து தொட்டார், இரண்டாம் முறையும் உணவு தந்தார். வழிப்பயணம் உமக்கு அதிகம் என்று அவருடைய களைப்பை ஒப்புக்கொண்டார். ஏன் அஞ்சினாய், உன் விசுவாசம் எங்கே என்ற கேள்வியே இல்லை. உறக்கம், உணவு, தொடுதல், மறுபடியும் உறக்கம், மறுபடியும் உணவு: இதுதான் வானகம் செய்த முதலுதவி!

அதன்பின் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்கு வந்தபோதுதான் இறைவன் அவருடன் உரையாடுகிறார். அங்கேயும் இறைவன் ஒரு கேள்வியைக் கேட்டு, எலியாவைப் பேச விடுகிறார். நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன் என்று முறையிடுகிறார். ஒருமுறை சொல்லித் தீரவில்லை, இருமுறை சொல்கிறார். இறைவன் இருமுறையும் கேட்கிறார். கேட்டபின் மூன்றைக் கொடுக்கிறார்: செய்வதற்கு ஒரு வேலை, துணைக்கு எலிசா என்ற ஒரு தோழர், இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி. நான் ஒருவனே என்பது எலியாவின் கணக்கு. ஏழாயிரம் என்பது இறைவனின் கணக்கு. விரக்தியில் இருக்கும் மனிதன் போடும் கணக்கு எப்போதும் தவறாகத்தான் இருக்கும். அவன் பொய் சொல்வதாக அதற்குப் பொருள் இல்லை. வேதனை அவன் கண்ணை மறைத்துவிடுகிறது, அவ்வளவே.

புனிதர்களும் இந்த வழியே நடந்தார்கள்

லொயோலா இஞ்ஞாசியார் 1522-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களைப் பற்றிய மனக்குழப்பத்தால் உயிரையே விட்டுவிடலாம் என்ற சோதனைக்குப் பலமுறை ஆளானதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தச் சோதனையில் அவர் வீழ்ந்திருந்தால்? பாரிஸில் பிரான்சிஸ் சவேரியாரைச் சந்தித்திருக்க மாட்டார். சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கும், 1545-இல் நம் மயிலாப்பூருக்கும் வந்திருப்பாரா? மன்ரேசாவின் ஓர் அறையில் அழுதுகொண்டிருந்த மனிதருக்கு, தம் வாழ்வில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று அந்த இரவில் தெரியாது. நமக்கும் தெரியாது.

குழந்தை தெரேசம்மாளை எல்லா வீடுகளிலும் ரோஜா மலர்களுடன் மாட்டி வைத்திருக்கிறோம். 24 வயதில், 1897-இல், காசநோயால் அவர் இறந்தார். கடைசி மாதங்களில் உடல் வேதனையோடு விசுவாச இருளும் அவரைச் சூழ்ந்தது. விசுவாசம் மட்டும் இல்லாதிருந்தால் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டிருக்கக் கூடும் என்ற பொருளில் உடனிருந்த சகோதரிகளிடம் அவர் மனம் திறந்தார். புனிதை அல்லவா, இதைச் சொல்லலாமா என்று மறைக்கவில்லை. சொன்னார்.

நம் ஊர் சொல்லும் சாட்சி

காசநோய் என்றதும் நம் தாம்பரம் சானட்டோரியத்தை நினையாமல் இருக்க முடியாது. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அதைத் தொடங்கினார். பெயரிலேயே சவேரியாரைத் தாங்கியவர்! அதற்குமுன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளருக்கென ஒரு மருத்துவமனையை அவர் நடத்தினார். அங்கே 1917-இல் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருவர் கும்பகோணத்துக் கணிதமேதை இராமானுஜன்.

அந்த இராமானுஜன், போர்க்காலத் தனிமையும் நோயும் உணவுக் குறையும் வாட்ட, 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் தம் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார். அங்கே பணியிலிருந்த ஓர் ஊழியர் கண்டு விரைந்து செயல்பட்டதால் பிழைத்தார். பேராசிரியர் ஹார்டி ஓடிவந்து காவல்துறையிடம் அவருக்காகப் பேசினார். சில மாதங்களே சென்றன. மே மாதம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி அவரைத் தன் ஆய்வாளராக ஏற்றது. 1919-இல் தாயகம் திரும்பினார். நோய் தீரவில்லை. 1920 ஏப்ரலில், 32 வயதில், சென்னையில் இறந்தார். ஆயினும் அந்தக் கடைசி ஓராண்டில் படுக்கையில் இருந்தபடி அவர் எழுதிய கணிதத்தை உலக அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்ற கதை அல்ல இது. எல்லாம் சரியாகாதபோதும் அந்த இரண்டு ஆண்டுகள் வாழத் தகுந்தவையாக இருந்தன என்ற கதை. அவரைக் காத்த அந்த ஊழியரின் பெயர் பெரும்பாலோருக்குத் தெரியாது. அத்தகைய ஊழியர்களாகத்தான் நாம் இருக்க அழைக்கப்பட்டிருக்கிறோம்.

சானட்டோரியத்துக்குத் திரும்புவோம். அது தொடங்கியபோது காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு இவைதாம் சிகிச்சை. வீட்டார் நோயாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பக் காண்போமோ என்று கலங்கிப் போன காலம். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டறியப்பட்டது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் மருத்துவமனையில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்ததை உலகுக்குக் காட்டியது. பின்னர் எய்ட்ஸ் வந்தது. சொந்த ஊரில் ஏற்கப்படாதவர்கள் பலர் நம் சானட்டோரியத்துக்குத்தான் வந்தார்கள். அப்போதும் இதற்கு வழியே இல்லை என்றார்கள். 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று அந்த மருந்தை உண்டு, வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து வாழ்கிறவர்கள் ஏராளம். வழியே இல்லை என்ற சொல் அதே சுவர்களுக்குள் இருமுறை பொய்த்தது. மனநோய்க்கும் இன்று மருந்து உண்டு, மருத்துவர் உண்டு. மருத்துவரிடம் போவது செபத்தைக் கைவிடுவது ஆகாது. எலியாவுக்கு அப்பத்தை அனுப்பியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டு அச்சங்கள்

சொல்லத் தயங்குவதற்கு இரண்டு அச்சங்கள் காரணமாகின்றன. ஒன்று, திருச்சபை கண்டிக்குமே என்பது. உயிர் இறைவனுடைய கொடை, அதை முடிக்கும் உரிமை நமக்கு இல்லை என்ற போதனை மாறவில்லை, மாறாது. ஆனால் தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்த 1917-ஆம் ஆண்டுச் சட்டம், 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பில் இடம்பெறவில்லை. கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு போதிக்கிறது. இப்படி ஒருவரை இழந்த குடும்பங்கள் இங்கே இருந்தால், உங்களுக்குச் சொல்கிறேன்: அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள்; கல்லறைத் திருநாளில் மற்ற எல்லாரையும் போல் அவருக்கும் மெழுகுதிரி ஏற்றுங்கள்; அவர் பெயரை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மற்றது, போலீஸ் வழக்கு வருமே என்பது. முன்பு தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், அத்தகையவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கவேண்டும் என்கிறது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பொதுப் பிரிவே இல்லை. ஆகவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல யாரும் அஞ்சவேண்டாம்.

உடனிருப்போருக்கு

யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் தவறினார்கள். இருவரும் மனம் வருந்தினார்கள். யூதாஸ் தன் பாவத்தை அறிக்கையிடக் கோவிலுக்குத்தான் போனான், குருக்களிடம்தான் சொன்னான். அதைப்பற்றி எங்களுக்கு என்ன, அது உன் பாடு என்ற விதமாய் அவர்கள் கைவிரித்தார்கள். அவன் தனியே போனான். பேதுருவும் மனங்கசந்து அழுதார். ஆனால் மற்றச் சீடர்களோடு சேர்ந்துகொண்டார், அவர்களும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் குருவாகிய எனக்கு நெஞ்சு நடுங்குகிறது. கோவிலைத் தேடி வந்தவனுக்குக் கோவில் கொடுத்த பதில் அது! நம் பங்கில் அந்தப் பதில் ஒருபோதும் ஒலிக்கக் கூடாது; மேய்ப்புப் பணியகத்திலும், அன்பியக் கூட்டத்திலும், வின்சென்ட் தே பவுல் சபையிலும் ஒலிக்கக் கூடாது.

என்ன செய்யலாம்? கேளுங்கள். 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு, மனமுடைந்தோர் வந்து பேசுவதற்கு ஒரு நிலையம் தொடங்கினார். அவரைக் காணக் காத்திருந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுக்கு காது கொடுத்தார்கள். அவர்களிடம் பேசியதிலேயே பலருக்குப் பாரம் இறங்கிவிட்டதை அவர் கண்டார். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா நிலையமும் இப்பணியையே செய்துவருகிறது.

அறிவுரை சொல்ல அவசரப்படாதீர்கள். உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா, உனக்கு என்ன குறை, செபமாலை சொல்லு எல்லாம் சரியாகிவிடும் என்பவை காயத்தில் உப்பு. சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று அன்போடு நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதிதான் உண்டாகும். அபாயம் என்று தெரிந்தால் தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள், மருத்துவரிடம் கூடவே போங்கள். பெற்றோரே, தேர்வு முடிவு வரும் நாளுக்கு முன்பே உங்கள் பிள்ளையிடம், எந்த மதிப்பெண்ணோடு வந்தாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறும் இடமும் உண்டு என்று சொல்லிவிடுங்கள். தவறிய பாடத்தை அதே ஆண்டிலேயே துணைத்தேர்வில் எழுத வழி இருக்கிறது. தவறிய உயிருக்குத் துணைத்தேர்வு இல்லை.

கடைசிப் பெஞ்சில் இருப்பவரே!

இப்போது உங்களிடம். பெயர் சொல்லி அழைக்கமாட்டேன், எழுந்து நிற்கவும் சொல்லமாட்டேன். நாளை எப்படி வாழ்வது என்று இன்று இரவு முடிவு செய்யவேண்டாம். இன்றைய இரவை மட்டும் கடந்துவிடுங்கள். அதுவே அந்த ஒரு சாண். கொஞ்சம் சாப்பிடுங்கள். தனியாக இருக்கவேண்டாம். வேதனையை யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள், முதலாமவருக்குப் புரியாவிட்டால் இரண்டாமவரிடம் சொல்லுங்கள். நம் பரங்கிமலையின் அப்போஸ்தலர் தோமையாரை நினையுங்கள். நம்ப முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். சீடர்கள் அவரைத் துரத்தவில்லை. எட்டாம் நாள் அவர் அவர்களோடு அதே அறையில் இருந்தார். ஆண்டவர் பூட்டிய கதவுகளின் ஊடே வந்து, அவருக்குத் தம் காயங்களைக் காட்டினார். உயிர்த்த உடலிலும் காயங்களை வைத்திருக்கும் ஆண்டவர் நம்முடையவர். உங்கள் காயத்தைக் கண்டு அவர் முகஞ்சுளிக்கமாட்டார்.

செபிக்க முடியவில்லையா? பரவாயில்லை. உங்களுக்காக நாங்கள் செபிக்கிறோம், அதற்குத்தான் பங்கு இருக்கிறது. பேச ஆள் இல்லையா? பங்கு இல்லத்தின் அழைப்பு மணி எந்த நேரத்திலும் அடிக்கலாம். தெரிந்த முகத்திடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். சிநேகாவின் எண் 044-24640050. இந்த இரண்டு எண்களும் ஆலய முகப்பில் திருப்பலி நேரப் பலகைக்கு அருகே இன்றுமுதல் எழுதி வைக்கப்படும். திருப்பலி நேரம் பார்க்க வருகிறவர்கள் இதையும் பார்க்கட்டும். கோவிலுக்கு வராத அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

பொன்விழா நினைவாக என்ன கட்டப்போகிறோம் என்று பலர் கேட்கிறீர்கள். மணிக்கூண்டு கட்டலாம், மண்டபம் கட்டலாம். அவற்றுக்கு முன்பு, இந்தப் பங்கின் எல்லைக்குள் யாரும் தம் வேதனையோடு தனித்து விடப்படமாட்டார்கள் என்ற வாக்குறுதியை நாம் கட்டுவோம். ஒவ்வொரு அன்பியமும் தன் தெருவில் கதவு சாத்திக்கிடக்கும் ஒரு வீட்டை இந்த வாரமே தட்டட்டும். கையில் கொஞ்சம் உணவு கொண்டு போங்கள், பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். தூதர் அப்படித்தான் போனார்.

துன்புறுவோருக்கு ஆறுதலான அன்னை மரியாள் நமக்காக வேண்டிக்கொள்வாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும், சிறப்பாக அந்தக் கடைசிப் பெஞ்சில் இருப்பவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.